நம்பிக்கை எந்த நிமிடத்தில் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஓர் உதைபந்தாட்ட முகாமையாளரின் வேலை போகப்போவதைக் கழகத் தலைவருக்கு முன்பே அந்த ஊர் வானொலி அறிந்துவிடும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காணி உறுதி, கடவுச்சீட்டு, முதுகுவலி பற்றியெல்லாம் கேட்டு எழுதியவர்கள் இம்முறை பொறுத்தருள வேண்டும். இந்த இதழில் பந்தைத் தவிர வேறு பேச்சு இல்லை.

உவர்மலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, என் மகன் லெஸ்டர் நகரில் வசிக்கிறான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் காரில் போய்க்கொண்டே எனக்கு அழைப்பான். அதே ஆட்டத்தை நான் இங்கே தொலைக்காட்சியில் முழுவதுமாகப் பார்த்து முடித்திருப்பேன். அவனோ பார்க்கவில்லை, வானொலியில் கேட்டேன் என்கிறான். மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான், திருகோணமலையில் இருக்கும் நான் பார்க்கிறேன். இது என்ன கூத்து?

உங்கள் மகன் சொல்வது முழு உண்மை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 மணி முதல் 5.15 மணி வரை எந்த உதைபந்தாட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை என்பது 1960களிலிருந்து வரும் ஏற்பாடு. பர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பொப் லோர்ட் இதற்காக முன்னின்று வாதாடினார். பெரிய கழகத்தின் ஆட்டத்தை வீட்டில் இருந்தபடி பார்க்க முடிந்தால், சிறிய கழகத்தின் மைதானத்துக்கு யார் காசு கொடுத்து வருவார்கள் என்பது அவருடைய கவலை. இந்தத் தடை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். ஆகையால் அங்கே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அவர்களுடைய கடிகாரம் கோடையில் இருக்கிறதா குளிர்காலத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, நமக்கு இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ புட்டும் மீன்குழம்பும் சாப்பிடும் நேரத்தில் வந்துவிடுகிறது. லெஸ்டர்க்காரருக்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: ஒன்று மைதானம், மற்றது வானொலி.

எனவே அங்கே ஊர் வானொலியைப் பழைய காலத்து மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. பி.பி.சி. தன்னுடைய முதலாவது உள்ளூர் வானொலியைத் தொடங்கியதே உங்கள் மகன் வாழும் ஊரில்தான். 1967 நவம்பர் 8ஆம் திகதி அது ஒலிக்கத் தொடங்கியது. இப்போது இங்கிலாந்து முழுவதும் இத்தகைய நிலையங்கள் 39 இருக்கின்றன. 2022 ஒக்டோபர் இறுதியில் செலவைக் குறைப்பதற்காக வார நாட்களின் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பல நிலையங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பி.பி.சி. அறிவித்தபோதும், விளையாட்டு நேர்முக வர்ணனையில் அது கை வைக்கவில்லை. வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வர்ணனையின் வரலாறு அதைவிடப் பழையது. 1927 ஜனவரி 22ஆம் திகதி ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெபீல்ட் யுனைட்டடும் மோதி 1–1 எனச் சமநிலையில் முடித்த ஆட்டந்தான் அங்கே வானொலியில் நேர்முகமாக வர்ணிக்கப்பட்ட முதலாவது லீக் ஆட்டம். மைதானத்தை எட்டுச் சதுரங்களாகப் பிரித்த ஒரு படத்தை வானொலி இதழில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருக்க, மற்றொரு குரல் பந்து நிற்கும் சதுரத்தின் இலக்கத்தை இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தது. பந்து எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதற்கென்றே ஒருவரை நியமித்த அந்தப் பண்பு இன்றைய வர்ணனையாளர்கள் பலரிடம் இல்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

ஆட்டம் முடிந்ததும் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி தொடங்கும். ஸ்டோக் நகர வானொலியில் அதற்குப் பெயரே ‘பாராட்டும் முணுமுணுப்பும்’ என்று பொருள்படும். நொரிச் நகரில் அந்த அணியின் செல்லப் பெயரான மஞ்சள் கனேரிப் பறவையின் பெயரை நிகழ்ச்சிக்குச் சூட்டியிருக்கிறார்கள். உங்கள் மகன் காரில் கேட்டுக்கொண்டு வருவது பெரும்பாலும் இத்தகைய நிகழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஓர் இளைஞர்: நான் ஆதரிக்கும் கழகத்தின் பழைய வீரர் ஒருவர் அந்த ஊர் வானொலியில் கருத்துரைப்பவராக இருக்கிறார். லண்டனில் இருக்கும் என் மச்சான் அவர் பேச்சை எனக்கு ஒவ்வொரு வாரமும் சொல்லுவார். பல மாதங்களாக முகாமையாளரைத் தாங்கிப் பேசிவந்த அந்த மனிதர் திடீரென்று ‘இனி இது சரிவராது’ என்று சொல்லிவிட்டார். மறுவாரமே மைதானம் முழுவதும் கூச்சல். ரசிகர்களின் மனத்தைக் கெடுத்தது அவர்தானே?

அவர் அல்லர் என்பது என் பதில். ஏன் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இளமையில் சில ஆண்டுகள் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் நடந்த சுற்றுப்போட்டிகளுக்கு நான் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக இருந்தேன். அனுசரணை வழங்கிய கடைக்காரரின் பெயரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும், பிரதம விருந்தினர் வந்தால் ஆட்டத்தை மறந்துவிட்டு அவரை வரவேற்க வேண்டும், மிச்ச நேரத்தில் வர்ணனை செய்யலாம். ஒரு நாள் ஒரு கழகத்தின் இடதுபக்கப் பின்கள வீரர் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருக்க, பயிற்றுவிப்பாளர் அவரை மாற்றாமலே நின்றார். “இவரை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை” என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். மைதானம் சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாட் காலை மீன் சந்தையில் அதே பயிற்றுவிப்பாளர் பையுடன் என் பக்கத்தில் நின்றார். கோபப்படவில்லை. பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, “மாத்த இருந்த பொடியன் முதல் நாள் இரவே கடலுக்குப் போயிட்டான் தம்பி. வேற ஆளில்லை” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு மூன்று ஆட்டங்களில் அந்தக் கழகம் மோசமாக ஆடியது. அவற்றில் இரண்டில் தவறு ஐயத்துக்கு இடமின்றிப் பயிற்றுவிப்பாளருடையது. நான் காற்றைக் குறை சொன்னேன், மழையைக் குறை சொன்னேன், நடுவரைக்கூடக் குறை சொன்னேன். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காவது ஆட்டத்தில் தாங்க முடியாமல், இந்த ஆட்டமுறையை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, மைதானம் அதிரப்போகிறது என்று காத்திருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவர் மட்டும், “அறிவிப்பாளர் இப்பத்தான் முழிச்சிருக்கிறார்” என்றார்.

அங்கேயும் நடப்பது இதுதான். ஊர் வானொலியில் வர்ணனையாளருக்குப் பக்கத்தில் அமரும் பழைய வீரர், அந்தக் கழகத்தின் சட்டையை இருபது வயதில் அணிந்தவர். ஓய்வுபெற்ற பின்னும் அந்த ஊரிலேயே வீடு வாங்கி, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, எண்ணெய் நிரப்பும் இடத்திலும் ரொட்டிக் கடையிலும் ரசிகர்களையும் கழகத்து ஊழியர்களையும் நாள்தோறும் சந்திப்பவர். தேசியத் தொலைக்காட்சியில் பேசுபவர் இன்று ஒரு முகாமையாளரைக் கிழித்துவிட்டு அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடலாம்; இவருடைய நிலையத்துக்கோ ஒவ்வொரு வாரமும் அதே முகாமையாளரின் செவ்வி வேண்டும், வெளியூர் ஆட்டங்களுக்கு அதே அணியின் பின்னால் போக வேண்டும். எந்த வீரருக்குத் தொடை நரம்பு இழுத்திருக்கிறது, யாருடைய வீட்டில் பிரச்சினை, யாரை விற்கப் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றில் பாதியைச் சொல்ல முடியாது. ஆகவே காயம், நடுவர், நெருக்கமான போட்டி அட்டவணை என்று அவர் காரணம் தேடிக்கொண்டே போவதில் வஞ்சகம் எதுவும் இல்லை. கூடுதலாக அறிந்திருப்பதே அவர் வாயைக் கட்டுகிறது. அப்படிப்பட்டவர் கடைசியில் வாய் திறக்கும்போது, மைதானத்தின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் எப்போதோ முடிவெடுத்து முடித்திருக்கும். உங்கள் மச்சான் கேட்டது தீர்ப்பு வாசிக்கப்பட்டதை மட்டுமே. விசாரணை அதற்கு முன்னரே முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நம்பிக்கை எந்த இடத்தில்தான் போகிறது? தொண்ணூறாவது நிமிடத்தில் என்று பலர் எண்ணுகிறார்கள். என் கணிப்பில் அது அதற்குப் பின்னால், வாகன நெரிசலில், காருக்குள் போகிறது. ஆட்டம் முடிந்து சிறிது நேரத்தில் முகாமையாளரின் செவ்வியை ஊர் வானொலி ஒலிபரப்பும். ரசிகர் அப்போதுதான் தன் கண்ணால் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். காதில் வேறோர் ஆட்டம் விழுகிறது: நாம்தான் பெரும்பாலான நேரம் மேலோங்கி நின்றோம், வீரர்களின் மனவுறுதி எனக்குத் திருப்தி, சிறு சிறு விடயங்கள்தாம் எதிராகப் போயின. தோல்வியை மன்னிக்காத ரசிகர் மிகக் குறைவு. பரம்பரையாகத் தோற்கும் கழகத்தையே பரம்பரையாக ஆதரிப்பவர்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆனால் நீ பார்த்ததை நீ பார்க்கவில்லை என்று சொல்லப்படுவதை எவரும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பொறுத்துக்கொள்வதில்லை. செவ்வி முடிந்ததும் அந்தப் பழைய வீரரிடம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் கருத்துக் கேட்பார். அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் அமைதி வரும். தொலைக்காட்சியில் அந்த அமைதி தெரியாது, முகம் மறைத்துவிடும். வானொலியில் அது நன்றாகக் கேட்கும்.

வானொலிக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவும் மாட்டேன். தனக்கு மட்டும் இருப்பதாக ஒருவர் நினைத்துக்கொண்டிருந்த ஐயம் பக்கத்து ஊர்க்காரருக்கும் இருக்கிறது என்பதை அது அறிவித்துவிடுகிறது. அதன் பிறகு அந்த ஐயத்துக்குத் துணிச்சல் வந்துவிடும். மேலும், பொறுமையாக இருப்பவர் தொலைபேசியை எடுப்பதில்லை. கோபமாக இருப்பவர்தான் இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார். ஆகவே வானொலியில் ஒலிக்கும் ஊர், உண்மையான ஊரைவிட எப்போதும் சற்று அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இதைக் கழித்துக்கொண்டு கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரி: தோற்றால் ஏசுவது விளங்குகிறது. வென்ற அணியை அதன் சொந்த ரசிகர்களே கூவி விரட்டியதாக ஒருவர் சொன்னார். நம்பலாமா?

நம்பலாம். 2014 மார்ச் 26ஆம் திகதி வெஸ்ட் ஹாம் அணி தன் சொந்த மைதானத்தில் ஹல் சிற்றியை 2–1 என வென்றது. ஹல் அணியின் கோல்காப்பாளர் முதற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டு, எதிரே பத்துப் பேர்தான் ஆடினார்கள். இறுதி ஊதல் ஒலித்ததும் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் தங்கள் அணியைப் பார்த்தே கூவினார்கள். முகாமையாளர் சாம் அலர்டைஸ், எனக்குச் சரியாகக் கேட்கவில்லையே என்பதுபோலக் காதருகே கையைக் குவித்துக் காட்டினார். கழகத்தை 2012இல் மீண்டும் அந்நாட்டின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நெடிய பந்துகளை முன்னால் தூக்கி அடிக்கும் ஆட்டத்தில் புள்ளிகள் வந்தன. அந்த மைதானத்தார் தங்களுடையது என்று நினைத்திருந்த ஆட்டம் மட்டும் வரவில்லை.

நியூகாசில் கதை இதைவிட வருத்தமானது. ஸ்டீவ் புரூஸ் அந்தப் பகுதியில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே அந்தக் கழகத்தின் ரசிகர். 2019இல் பொறுப்பேற்று முதற் பருவத்தில் 13ஆம் இடமும் அடுத்த பருவத்தில் 12ஆம் இடமும் பெற்றுக் கொடுத்தார். அப்போதிருந்த உரிமையாளர் செலவழித்த விதத்தைப் பார்த்தால் இது குறைவான பெறுபேறு என்று சொல்ல முடியாது. ஆயினும் ரசிகர்கள் அவரை ஏற்கவில்லை. ஆட்டத்தில் அச்சம் தெரிந்தது என்பது ஒரு காரணம். உரிமையாளர் மீதிருந்த பல ஆண்டுக் கசப்புக்கு முன்னால் நின்ற முகம் அவருடையதாக இருந்தது என்பது பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். 2021 ஒக்டோபரில் கழகம் புதிய உரிமையாளர்களின் கைக்குப் போனது. முகாமையாளராக அவருடைய ஆயிரமாவது ஆட்டம் முடிந்து மூன்றாம் நாள் அவர் விலகினார். ஏச்சும் பேச்சும் தன் குடும்பத்தையும் பாதித்ததாகவும், இதுவே தன்னுடைய கடைசி வேலையாக இருக்கலாம் என்றும் அப்போது சொன்னார். நான்கு மாதங்களுக்குள் வேறொரு கழகத்தில் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அந்தத் தொழிலை விட்டுப் போவது அவ்வளவு எளிதன்று.

சொந்த ஊர்க்காரராக இருப்பது கவசம் என்று நாம் எண்ணுகிறோம். அன்னியர் தோற்றால் விமானம் ஏறிப் போய்விடுவார்; ஊர்க்காரர் எங்கே போவார்?

அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு மாணவி: ‘முகாமையாளர் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு’ என்று பணிப்பாளர் சபை அறிவித்தால் அதன் பொருள் என்ன?

பெட்டி கட்டத் தொடங்கலாம் என்பதுதான். ஒப்பந்தத்தின் நீளத்தையும் அப்படியே வாசிக்க வேண்டும்: மஞ்செஸ்டர் யுனைட்டட் 2013இல் டேவிட் மொயஸுக்குக் கொடுத்தது ஆறு ஆண்டு ஒப்பந்தம், அவர் இருந்தது பத்து மாதங்களுக்கும் குறைவு.

பாலையூற்றிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: முகாமையாளரை மாற்றினால் அணி உண்மையிலேயே முன்னேறுமா? எங்கள் அலுவலகத்தில் இது பற்றி இரண்டு கட்சி.

இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு. முதலில் மாற்ற வேண்டும் என்பவர்களின் சாட்சி. 2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி, மூன்றாம் நிலை லீக்கின் தொடக்க நாளில், நொரிச் சிற்றி தன் சொந்த மைதானத்தில் கொல்செஸ்டரிடம் 7–1 என்று தோற்றது. முகாமையாளர் பிரையன் கன் அந்தக் கழகத்தின் செல்லப்பிள்ளை. பன்னிரண்டு ஆண்டுகள் அதன் கோல்காப்பாளராக இருந்தவர். 1993இல் மியூனிச் நகரத்திலேயே பயேர்ன் அணியை நொரிச் வென்றபோது கோலின் முன் நின்றவர். அத்தனை அன்பும் அன்று அரை மணி நேரம் தாங்கவில்லை. நான்கு கோல்கள் விழுந்திருந்த நிலையில் இரண்டு ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து தங்கள் பருவகால நுழைவுச்சீட்டுகளை அவரை நோக்கி வீசினார்கள். ஆறாம் நாள் அவர் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக நொரிச் அழைத்துவந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அந்த ஏழு கோல்களையும் போட்ட கொல்செஸ்டரின் முகாமையாளர் போல் லம்பேர்ட்டை. அந்தப் பருவத்திலேயே நொரிச் அந்த லீக்கின் சம்பியன் ஆனது. 2011இல் பிரீமியர் லீக்கையும் எட்டியது.

இனி மற்றக் கட்சியின் சாட்சி. பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர் நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான பருவங்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முகாமையாளரை நீக்கிய கழகங்களை மட்டும் பார்த்தால், நீக்கிய பிறகு பெறுபேறு உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே அளவு மோசமான தொடர் தோல்விகளைச் சந்தித்தும் முகாமையாளரை நீக்காமல் வைத்திருந்த கழகங்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவையும் அதேபோல உயர்ந்திருக்கின்றன. அடிமட்டத்துக்குப் போன அணி பெரும்பாலும் தானாகவே தன் இயல்பான இடத்துக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் கதிரையில் இருப்பவர் மாலையை வாங்கிக்கொள்கிறார். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பார்வை பார்த்து நூல் கட்டினால், மறுநாள் காய்ச்சல் இறங்கியதற்கு நூலுக்குத்தானே பெயர் கிடைக்கும்?

நீங்கள் வங்கியில் வேலை செய்வதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஸ்டீபன் சிமான்ஸ்கி என்ற பொருளியலாளர் இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்தார். நீண்ட காலச் சராசரியில் ஒரு கழகம் லீக்கில் நிற்கும் இடத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத் தொகை என்பது அவர் கண்டது. முகாமையாளரின் பங்கு எஞ்சியிருக்கும் சிறு பகுதிக்குள்தான். ஆனால் ‘சம்பளத் தொகையே வெளியேறு’ என்று எழுதிய பதாகையை யாரும் தூக்குவதில்லை.

நொரிச் போன்ற கதைகள் உண்மையானவை. ஆனால் அடிக்கடி நிகழ்பவை அல்ல. உங்கள் அலுவலகத்தில் பணயம் கட்டுவதாக இருந்தால் நான் மாற்றாத கட்சியில் கட்டுவேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு சாரதி: என் நண்பனிடம் எந்த முகாமையாளரைக் குறை சொன்னாலும், ‘பெர்குசனையும் அப்படித்தான் சொன்னார்கள்’ என்று வாயை அடைத்துவிடுகிறான். என்ன பதில் சொல்வது?

உங்கள் நண்பர் சொல்லும் செய்தி சரி. 1986 நவம்பரில் மஞ்செஸ்டர் யுனைட்டடுக்கு வந்த அலெக்ஸ் பெர்குசன் மூன்று ஆண்டுகளாகியும் எதையும் வெல்லவில்லை. 1989 டிசம்பரில் கிறிஸ்டல் பலஸிடம் சொந்த மைதானத்தில் தோற்ற அன்று, மூன்று ஆண்டுச் சாக்குப்போக்கு போதும், போய்வாரும் என்ற பொருளில் ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதிப் பிடித்தார். அடுத்த மாதம் நொட்டிங்காம் பொரெஸ்டுக்கு எதிரான எப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் மார்க் ரொபின்ஸ் போட்ட ஒரே கோலால் வெற்றி; அந்த ஆண்டே அந்தக் கிண்ணம், 2013இல் ஓய்வுபெறும்போது 13 லீக் பட்டங்கள். அண்மைய உதாரணமும் உண்டு. 2021 ஓகஸ்டில் மிக்கெல் ஆர்ட்டேட்டாவின் ஆர்சனல் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோலும் போடாமல் ஒன்பதை வாங்கி, பட்டியலின் அடியில் கிடந்தது. நிர்வாகம் அசையவில்லை. 2023 முதல் மூன்று பருவங்கள் தொடர்ந்து இரண்டாம் இடம்.

ஆனால் நண்பரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். பொறுமையுடன் வைத்திருந்தும் ஒன்றும் நடவாமல் கழகத்தைக் கீழே இறக்கிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களின் பெயரைச் சொல்லி யாரும் வாதாடுவதில்லை, ஏனென்றால் அவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. கரை சேர்ந்த தோணியை மட்டும் எண்ணிக்கொண்டு கடல் அமைதியானது என்று சொல்ல முடியாது. படுக்கை விரிப்பில் எழுதிய மனிதர் அன்று பார்த்ததை வைத்துச் சொன்னார். அன்று பார்த்ததில் அவர் பிழை விடவில்லை. அடுத்த இருபத்து மூன்று ஆண்டுகளை அவர் எங்கே பார்ப்பது?

மூதூரிலிருந்து ஒரு குடும்பப் பெண்: என் கணவர் இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியைப் பார்த்து ‘இவனை வெளியேற்று’ என்று கத்துகிறார். பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து கத்த இவருக்கு என்ன உரிமை?

பிள்ளைகளை எழுப்புவதற்கு எந்த உரிமையும் இல்லை. மற்றதற்குச் சிறிது உண்டு என்றே தோன்றுகிறது. அந்த ஒளிபரப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு துளி அங்கே போய்ச் சேர்கிறது. அங்கேயுள்ளவர்கள் செய்வதைவிட இது எவ்வளவோ அடக்கமானது. 2014 மார்ச்சில் மொயஸ் வேண்டாம் என்ற பதாகையை ஒரு சிறு விமானத்தில் கட்டி மைதானத்தின் மேலே பறக்கவிட்டார்கள். அன்று யுனைட்டட் 4–1 என வென்றது வேறு கதை. 2017 மார்ச்சில் வெஸ்ட் ப்ரொம் மைதானத்தின் மேல், அங்கே ஆட வந்திருந்த ஆர்சனலின் அப்போதைய முகாமையாளர் ஆர்சன் வெங்கருக்கு எதிராக ஒரு விமானமும் ஆதரவாக இன்னொரு விமானமும் ஒரே ஆட்டத்தின்போது பறந்தன. உங்கள் கணவரிடம் விமானம் இல்லை என்று ஆறுதல் கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கத்தச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு கழகச் செயலாளர்: இவ்வளவும் சொல்கிறீர்களே, நம்மூர் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச நமக்கு ஏன் ஒரு வானொலி இல்லை?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். வானொலிக்கு நாம் புதியவர்கள் அல்லர். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதியே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் சர்வதேச வானொலி 2013 வரை நம்முடைய திருகோணமலையிலிருந்தே அஞ்சல் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்குப் போனது; ஜெர்மனியின் குரலை உலகுக்கு எடுத்துச் சென்ற ஊர், ஏகாம்பரம் மைதானத்தின் குரலை மூதூருக்குக்கூட எடுத்துச் செல்லவில்லை. யாழ் எப்.எம்., பிறை எப்.எம். போன்ற பிரதேசச் சேவைகள் தமிழில் வந்தன. கொழும்பிலிருந்து ஒலிக்கும் தனியார் வானொலிகளில் பாட்டுக்கும் வாழ்த்துக்கும் நாள் முழுவதும் இடம் இருக்கிறது. மாவட்ட லீக் ஆட்டம் ஒன்றைப் பற்றி நேயர்களும் ஒரு பழைய வீரரும் ஒரு மணி நேரம் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சி என் வீட்டு வானொலிப் பெட்டியில் ஒரு நாளும் ஒலித்ததில்லை.

இதன் விளைவு சிறியதன்று. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு நம்முடையது. பின்னர் உலகத் தரவரிசையில் 207ஆம் இடம் வரை இறங்கினோம். 2023 ஜனவரியில் வெளித்தலையீட்டைக் காரணம் காட்டிச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் நம்மை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இதற்கிடையில் தேசிய அணிக்கு வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள். யாராவது கூவினார்களா? நம்பிக்கை இழந்தோம் என்று சொல்வதற்கு முதலில் நம்பிக்கை வைத்திருந்திருக்க வேண்டும். வாரந்தோறும் பேசப்படாத அணி மீது அது எப்படி வரும்? லெஸ்டரிலும் நொரிச்சிலும் எழும் கூச்சலைக் கேட்டு எனக்குப் பொறாமைதான் வருகிறது.

உங்கள் கழகத்தின் அடுத்த சுற்றுப்போட்டிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பீர்கள் அல்லவா? ஆட்டம் முடிந்ததும் அதைக் கழற்ற அவசரப்படாதீர்கள். இரண்டு பயிற்றுவிப்பாளர்களையும் ஒலிவாங்கிக்கு முன்னால் அழைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு மதிலருகே நிற்பவர்களிடம் அதே ஒலிவாங்கியைக் கொடுங்கள். அறிவிப்பாளர் கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடைக்காரரின் பெயரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்வதற்கு நான் இப்போதும் ஆயத்தம்.